பெஞ்சன் ஆனபிறகு நம்மை எதிர்பார்ப்பது யார்?

ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதம் யாருக்கும் யோசனை சொல்ல வேண்டியதில்லை. காகித வேலைக்கே பொழுது சரியாக இருக்கும். பணிக்கொடை வந்ததா, ஓய்வூதிய ஆணை கருவூலத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அலைய வேண்டும். பதினைந்து வருடமாக ஒழுகுகிற சமையற்கட்டுக் கூரைக்கு ஆள் பிடிக்க வேண்டும். குமாரகோவிலுக்கோ வேளாங்கண்ணிக்கோ நேர்ந்து வைத்ததைத் தீர்க்க வேண்டும். பிள்ளைகள் வளைகுடாவில் இருந்தால் அங்கே ஒரு மாதம். எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் குளித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் திண்ணையில் உட்காருகிறோமே, அங்கிருந்துதான் இந்த அத்தியாயம் தேவைப்படுகிறது.

தக்கலையில் இந்தத் திங்கட்கிழமைக்காரர்கள் அதிகம். ஊர் அப்படி. கல்குளம் தாலுகா அலுவலகம் இங்கே, பத்மநாபபுரம் கோட்டத்தின் வருவாய் அலுவலகம் இங்கே, நீதிமன்றங்கள் இங்கே, அரசு மருத்துவமனை இங்கே. சுற்றிலும் பள்ளிக்கூடங்கள். ஒரு காலத்தில் பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகர். கொட்டாரம் சும்மா பார்க்கிற இடமாகிப் பல காலம் ஆனாலும், ஃபைலும் முத்திரையும் இந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. அதனால் வாத்தியார், கிளார்க், நர்ஸ், கிராம நிர்வாக அலுவலர், மின்வாரியக்காரர் என்று தெருவுக்கு நாலைந்து பேராவது பெஞ்சன்காரர்கள்.

இவர்களில் பலருக்குப் பணக் கஷ்டம் பெரிதாக இல்லை. அறுபதில் உடம்பும் பரவாயில்லை. இல்லாமல் போவது வேறு. பத்து மணிக்கு நாம் போய்ச் சேராவிட்டால், 'சார் ஏன் இன்னும் வரல்ல?' என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். அவர் போய்விட்டார். முப்பது வருடம் எரிச்சலோடு கேட்ட அந்தக் கேள்வி நின்ற பிறகுதான் அதன் அருமை தெரிகிறது.

பெஞ்சன்காரர்களுக்கு எழுதப்படுகிற புத்தகங்கள் பொழுதுபோக்கைப் பரிந்துரைக்கின்றன. காலை நடை, குறுக்கெழுத்து, யோகா. நடை நல்லதுதான், சர்க்கரைக்கு. ஆனால் ஒருநாள் நடக்கப் போகாவிட்டால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. என் யோசனை இதுதான்: புதிதாக எதைத் தொடங்கினாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நாளை நான் போகாவிட்டால் எங்காவது ஏதாவது கெடுமா, யாராவது தேடுவார்களா? ஆம் என்றால் அந்த வேலை தாங்கும். இல்லை என்றால் அது ஆடி மழையில் நின்றுபோகும்.

புத்தேரியில் ஒரு பெஞ்சன்காரர்

நம் நாஞ்சில் நாட்டிலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. தேரூரில் 1876-ல் பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளை முப்பத்தாறு வருடம் வாத்தியார் வேலை பார்த்தார். கோட்டாறு, நாகர்கோவில், கடைசியாகத் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரி. 1931-ல் ஓய்வு பெற்று, மனைவி உமையம்மையின் ஊரான புத்தேரியில் வந்து தங்கினார். அப்போது அவருக்கு 55 வயது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 'மலரும் மாலையும்' 1938. 'ஆசிய ஜோதி' 1941. 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' நூலாக வந்தது 1942. 'உமர்கய்யாம் பாடல்கள்' 1945. கவிமணி என்ற பட்டமே 1940-ல்தான். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த கவிமணியின் முக்கியப் புத்தகங்கள் எல்லாம் ஒரு பெஞ்சன்காரரின் வீட்டிலிருந்து வந்தவை.

ஆனால் 55 வயதில் திடீரென்று அவர் கவிஞர் ஆகிவிடவில்லை. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மருமக்கள்வழி மான்மியம் அவர் வேலையில் இருந்தபோதே பத்திரிகையில் தொடராக வந்துவிட்டது. குழந்தைப் பாடல்கள் வகுப்பறைக் காலத்தவை. கல்வெட்டுகளைப் படிக்கும் பழக்கமும் முன்பே இருந்தது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளை உட்கார்ந்து படித்து நகலெடுத்தவர் அவர். ஓய்வு அவருக்குப் புதுத் திறமை எதையும் கொடுக்கவில்லை. சிதறிக் கிடந்ததைச் சேர்க்க நேரம் கொடுத்தது. அதைக் கேட்டு வாங்கிப் படிக்க நண்பர்கள் இருந்தார்கள். அந்த நண்பர்கள் முக்கியம். கேட்கிறவர் இல்லாவிட்டால் கையெழுத்துக் கட்டு டிரங்குப் பெட்டியிலேயே கரையானுக்குப் போயிருக்கும்.

அந்த முதலியார் வீட்டு ஓலைகளும் அவரோடு நின்றுவிடவில்லை. நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா.பெருமாள் பிற்பாடு அவற்றைப் பதிப்பித்தார். அவரும் ஆரல்வாய்மொழிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பாதியில் வைத்ததை அடுத்தவர் எடுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், முதல் ஆள் ஒழுங்காக நகல் எடுத்து வைத்திருந்ததுதான்.

இன்னொரு சாட்சி தக்கலையிலேயே உண்டு. எழுத்தாளர் ஜெயமோகன் தக்கலை தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு வெளியே வந்த பிறகு, 2014 ஜனவரி 1 அன்று மகாபாரதத்தை நாவல்களாக எழுதத் தொடங்கினார். 'வெண்முரசு' 2020-ல் முடிந்தபோது 26 நாவல்கள் ஆகியிருந்தன. அவருடைய எழுத்தாற்றல் நமக்கு வராது, அதை விடுங்கள். அவர் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள்: நாளுக்கு ஓர் அத்தியாயம், அன்றன்றே வாசகருக்கு. காலையில் கணினியைத் திறந்து காத்திருக்கிறவர்கள் இருந்தால் தலைவலி என்று படுக்க முடியாது. இந்த ஏற்பாட்டை யாரும் கடன் வாங்கலாம். நீங்கள் எழுதுவது குடும்ப வரலாறாக இருந்தாலும் சரி, ஞாயிறுதோறும் ஒரு பக்கம் குடும்ப வாட்சப் குழுவில் போடுவேன் என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவது ஞாயிறு போடாவிட்டால் குவைத்திலிருந்து மருமகள் கேட்பாள், 'மாமா, இந்த வாரம் எங்கே?' என்று.

முதலில் பீரோவைத் திறங்கள்

ஆகவே, புதிதாக என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், பாதியில் நிற்பது என்ன என்று பாருங்கள். பழைய டைரி, தையல் மெஷின், ஊர்க் கணக்குப் போட்ட நோட்டு, பள்ளி நாடகத்துக்கு எழுதிய வசனம், அப்பா விட்டுப்போன விளை. ஒரு வாரம் போதும். கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அதில் மனம் இன்னமும் சூடாகிற ஒன்றை வட்டமிடுங்கள். அலுவலகத் திறமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆபீஸில் இருந்தவருக்குப் பட்டா மாறுதல் மனு எழுதுவது இடது கை வேலை. தெருவில் இருக்கும் விதவைக்கு அது மலை.

ஒன்றே ஒன்று போதும். சிலர் ஓய்வு பெற்ற வேகத்தில் சங்கத்தில் செயலாளர், கோயில் கமிட்டியில் பொருளாளர், குடியிருப்போர் நலச் சங்கத்தில் தலைவர் என்று நாற்காலிகளாகச் சேர்ப்பார்கள். நாற்காலி ஆசை பழைய அலுவலகத்தின் மிச்சம். பெரும்பாலும் அது அடுத்த தேர்தலில் மனக்கசப்பில் முடிகிறது.

தேன்பெட்டி

பாதியில் நிற்கிற எதுவும் இல்லை, இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், தக்கலைக்காரருக்கு நான் முதலில் சொல்வது தேனீ. காரணம் இடம். பக்கத்து மார்த்தாண்டம் இந்தியத் தேனீ வளர்ப்பின் தாய்வீடுகளில் ஒன்று. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் நடத்திய கிராமப் புனரமைப்பு வேலையில் தேனீ வளர்ப்பும் ஒன்று. காட்டில் புகை போட்டுக் கூட்டை அழித்துத் தேன் எடுத்த இடத்தில், சட்டம் மாட்டிய மரப்பெட்டி வந்தது. மார்த்தாண்டம் தேனுக்கு இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. கற்றுக்கொடுக்க ஆள் தேடி எங்கும் போக வேண்டாம். பெட்டி செய்கிற ஆசாரியும் சட்டம் விற்கிற கடையும் பஸ் தூரத்தில்.

இந்தத் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை என்பது நம் ஊர்க்காரர் பலருக்கே தெரியாது. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலை உதிர்த்து, செம்பு நிறத்தில் புதுத் தளிர் விடும். இலைக்காம்பும் மூன்று இலைகளும் சேருகிற இடத்தில் சிறிய சுரப்பிகள் உண்டு. தளிர்ப் பருவத்தில் அவற்றில் இனிப்புத் துளி கசியும். தேனீ அதைத்தான் உறிஞ்சுகிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அதுதான் சீசன். ரப்பர் தேனில் ஈரம் கூடுதல். ஈக்கள் மெழுகால் மூடாத அறையிலிருந்து அவசரப்பட்டு எடுத்தால் புளித்துவிடும். பொறுத்திருந்து எடுத்தாலும் சீக்கிரம் உறையும். உறைந்ததைப் பார்த்துச் சர்க்கரைப் பாகு என்று சந்தேகப்படும் வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதும் உங்கள் வேலையில் சேரும்.

இரண்டு பெட்டியோடு தொடங்குங்கள். ஒன்று போதாது. ஒரு பெட்டி பலவீனமானால் மற்றதிலிருந்து புழு உள்ள சட்டம் ஒன்றை எடுத்து மாட்டலாம், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டும் பார்க்கலாம். வீட்டுப் பின்பக்கம், காலை வெயில் விழுந்து மத்தியானம் நிழல் வரும் இடம் நல்லது. பெட்டியைத் தாங்கும் காலை ஒரு கிண்ணத் தண்ணீரில் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது. இந்தியத் தேனீக்கு எறும்புத் தொல்லை தாங்காது. ஒருநாள் காலையில் பார்த்தால் பெட்டி காலியாக இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு போய்விடும்.

சீசனில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன், சென்ட் பூசாமல். தேங்காய்ச் சகிரியைப் புகைய வைத்து வாசலில் இரண்டு மூச்சு காட்டினால் போதும். மூடியைத் தூக்கி, சட்டத்தை இரு ஓரத்தில் பிடித்து நேராக மேலே எடுங்கள், சாய்க்காமல். மெழுகு புதிது, உடைந்து விழும். அடிப்பெட்டியில் பார்க்க வேண்டியது மூன்று: ஊசிமுனை அளவு வெள்ளை முட்டை இருக்கிறதா (இருந்தால் ராணி இருக்கிறாள், ராணியைத் தேடிக் கண்ணைக் கெடுக்க வேண்டாம்), அடையின் ஓரத்தில் நூலாம்படை மாதிரி அந்துப்பூச்சி வலை ஓடுகிறதா, அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலைத் தோடு போல ராணி அறை தொங்குகிறதா. தொங்கினால் கூட்டம் பிரியப் போகிறது என்று அர்த்தம். பிரித்து மூன்றாவது பெட்டி உண்டாக்கலாம், அல்லது கிள்ளிவிடலாம். முதல் வருடம் பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள்.

இனிமேல் சொல்வதுதான் இந்த அத்தியாயத்தோடு ஒட்டுவது. சீசன் முடிந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஈக்கு வெளியே தீனி கிடையாது. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை அவை உங்களை நம்பித்தான் இருக்கின்றன. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு காய்ச்சி ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமல் நின்று குடிக்க இரண்டு குச்சியைப் போட்டு, பொழுது சாயும் நேரம் பெட்டிக்குள் வைக்க வேண்டும். சொட்டு வெளியே சிந்தக் கூடாது. சிந்தினால் பலமான கூட்டம் வந்து பலவீனமான கூட்டைக் கொள்ளையடிக்கும். மழை கொட்டுகிற மாலையில் குடை பிடித்துக்கொண்டு விளைக்குள் போகிற பெஞ்சன்காரரிடம் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். கையில் சிரட்டை இருக்கிறது.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கொட்டினால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புழுவைத் தாக்கும் வைரஸ் நோய் வந்து இந்த வட்டாரத்தில் பெட்டிகள் கூட்டம் கூட்டமாகக் காலியாயின. இதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது என்பதற்கு அந்த அனுபவம் ஒன்றே போதும். தேனை வெளியே விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள், குளம், பாட்டு

தேனீ வேண்டாம், மனிதர்கள்தான் வேண்டும் என்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடம். குமரி மாவட்டத்தில் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பிலேயே 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இங்கே முதியோர் கல்வி என்று போர்டு வைத்தால் ஆள் வராது. ஆனால் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் ஒடிசா, பீகார், அசாம் பக்கமிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் உட்கார்ந்து, தமிழ் புரியாமல் விழிக்கிறார்கள். வாரத்தில் மூன்று மாலை, தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, பள்ளி வராந்தாவிலேயே சொல்லிக்கொடுங்கள். வீட்டுக்கு அழைக்க வேண்டாம். பொது இடம், கதவு திறந்திருக்கட்டும். அது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

பெரியவர்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பதும் உண்டு. 1973-ல் பிரான்சின் துலூஸ் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று வகுப்பு தொடங்கினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அது பிரிட்டனுக்குப் போனபோது பேராசிரியரே வேண்டாம் என்று வைத்தார்கள். வரலாறு தெரிந்த ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் வரலாறு நடத்துவார், அடுத்த மணி அவரே மாணவராக உட்கார்ந்து தோட்டக்கலை கேட்பார். நம் ஊர் நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெயரளவில் இருந்தாலும் பரவாயில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒருவர் முக்கால் மணி நேரம், தனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி. டிரான்ஸ்ஃபார்மர் ஏன் வெடிக்கிறது என்று ஒரு லைன்மேன் சொன்னால் கூட்டம் எழுந்து போகாது.

பறவை பார்க்கிற பழக்கம் இருந்தால் சுசீந்திரம் தேரூர் குளங்கள் பக்கத்தில். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். பைனாகுலரும் பொறுமையும் போதும்.

ஊர்ச் செய்தியைப் பதிவு செய்வது இன்னொன்று. தக்கலை பீர் முகம்மது அப்பா தர்காவில் அவருடைய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை ராத்திரி முழுக்கக் கூடிப் பாடுகிறார்கள். அதன் மெட்டை உடம்பில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். வில்லுப்பாட்டுக் கதைகள், ஏலா என்கிற வயல்களின் பெயர்கள், தூர்ந்துபோன குளங்கள், எந்தக் குளத்துக்கு எந்தக் கால்வாய் என்ற கணக்கு, எல்லாம் எழுபது எண்பது வயதுக்காரர்களிடம்தான். மொபைல் போன் போதும். பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பிற்பாடு எழுதலாம் என்று விட்ட பதிவுகளில் யார் குரல் என்றே தெரியாமல் போகும். இந்த வேலையில் எதிர்பார்ப்பு தலைகீழ்: பாட்டா உங்களுக்காகக் காத்திருக்கிறார், அதிக நாள் காத்திருக்க அவரால் முடியாது.

பணமும் வீடும்

பணிக்கொடையும் கம்யூட்டேஷன் பணமும் கையில் வந்த மாதம், ஊரில் உள்ள எல்லாத் தொழில் யோசனையும் உங்கள் வாசலுக்கு வரும். மருமகன் கடை, மைத்துனன் லாரி, நண்பனின் பங்குத் தோட்டம். புதிய வேலைக்கு மாதப் பெஞ்சனில் மிஞ்சுவதை மட்டும் போடுங்கள். மொத்தப் பணத்தைத் தொட வேண்டாம். தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, 30 லட்சம் வரை போடலாம். அங்கே பூட்டிவைத்தால் 'பணம் கையில் இல்லை' என்று உண்மையாகவே சொல்லலாம். உறவும் கெடாது.

வீட்டில் இருக்கிற இன்னொருவரிடம் கேட்டீர்களா? முப்பது வருடமாகப் பகல் பத்திலிருந்து ஐந்து வரை வீட்டை ஆண்டவர் அவர். நீங்கள் திடீரென்று சமையற்கட்டுக்குள் வந்து மிளகுப்பொடி டப்பாவை இடம் மாற்றினால் அவருக்கு உங்கள் ஓய்வு ஒரு இடமாறுதல் உத்தரவு. வெளியே போக உங்களுக்கு ஒரு வேலை கிடைப்பதில் அவருக்கும் பங்குண்டு.

பெண்கள் கதை வேறு. நர்ஸாகவோ டீச்சராகவோ ஓய்வு பெற்ற பெண்ணுக்கு ஒரு வேலை போய் மற்றது இரட்டிப்பாகிறது. பேரப்பிள்ளை, மாமியார், அடுப்பு. 'அம்மா சும்மாதானே இருக்கா' என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். எதிர்பார்க்க ஆள் இல்லாதது அவர் குறை அல்ல. அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறார்கள் என்பதே குறை. அவர் தேட வேண்டியது தானாகத் தேர்ந்தெடுத்த ஒன்று, வீட்டுக்கு வெளியே, நேரம் குறித்தது. செவ்வாய், வெள்ளி மூன்றிலிருந்து ஐந்து வரை நூலகத்தில் ரத்த அழுத்தம் பார்த்துக் கொடுப்பேன் என்று ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் போர்டு எழுதி வைத்தால், அந்த இரண்டு மணி நேரத்தில் அவரை யாரும் சட்னி அரைக்கக் கூப்பிட முடியாது. போர்டு கட்டாயம் வேண்டும். சொன்ன வாய்மொழியை வீடு மதிக்காது, எழுதித் தொங்குவதை மதிக்கும்.

இரண்டாவது ஆள்

எந்த வேலையானாலும் முதல் வருடத்துக்குள் உங்களோடு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களைவிடப் பத்து வயதாவது குறைந்தவராக இருக்கட்டும். கண்புரை அறுவைக்குப் பிறகு சில நாள் ஓய்வெடுக்க நேரும், மகள் பிரசவத்துக்கு ஷார்ஜா போக நேரும். தேனீயும் பிள்ளைகளும் அதற்கு விடுமுறை கொடுக்காது.

ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கி வையுங்கள். முதல் பக்கத்தில் சாவி எங்கே, யாரிடம் அனுமதி வாங்கியது, பொருள் எந்தக் கடையில். அடுத்த பக்கத்திலிருந்து தேதி போட்டு, செய்தது, பார்த்தது, செலவு. பெட்டி ஒன்றில் ராணி அறை, கிள்ளினேன். மூன்றாம் வகுப்பு ராஜுவுக்கு 'ழ' வரவில்லை. இரண்டு வரி போதும், அன்றன்றைக்கு எழுத வேண்டும். ஊருக்குப் போகும்போது நோட்டை அந்த இரண்டாவது ஆளின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் உடனே திருப்பிக் கேட்காதீர்கள். ஒரு வாரம் அவரே எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று, கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.